ஒரே நாற்காலிக்கு இரண்டு முறை வாக்கு

குழு: குடமுருட்டிக் கரைக் குடும்பம்

10 பிப்ரவரி 2024, சனிக்கிழமை

மலர் (ஃப்ரீமாண்ட்): அனைவருக்கும் வணக்கம். குடியுரிமை பெற்ற பிறகு எனக்குரிய முதல் வாக்குச்சீட்டு, மார்ச் 5 முதல்நிலைத் தேர்தலுக்கானது, இன்று தபாலில் வந்து சேர்ந்தது. படம் மேலே இருக்கிறது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. அமெரிக்க மேலவையான செனட்டில் கலிஃபோர்னியாவுக்குரிய உறுப்பினர் பதவிக்கான போட்டி இதில் இரண்டு இடங்களில் அச்சாகியிருக்கிறது. ஓரிடத்தில் 27 பெயர்கள், மற்றோரிடத்தில் 7 பெயர்கள். ஜனநாயகக் கட்சியின் ஷிஃப், போர்ட்டர், லீ, குடியரசுக் கட்சியின் கார்வி ஆகிய நால்வரும் இரண்டிலும் இருக்கிறார்கள். இது அச்சுப்பிழையா, அல்லது ஏதேனும் ஒன்றை மட்டும் நிரப்ப வேண்டுமா?

செந்தில் (அர்வைன்): பிழை இல்லை மலர், இரண்டையும் நிரப்ப வேண்டும். 1992ஆம் ஆண்டு முதல் அந்த இடத்தில் இருந்த டயேன் ஃபைன்ஸ்டைன், மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று சென்ற ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தார். பதவிக்காலம் முடியும் முன்பே, செப்டம்பர் 29 அன்று தமது 90ஆம் வயதில் காலமானார். ஆளுநர் நியூசம், லஃபான்சா பட்லரை அந்த இடத்துக்கு நியமித்தார். பட்லரும் தாம் போட்டியிடப் போவதில்லை என்று அக்டோபரிலேயே சொல்லிவிட்டதால், பதவியில் இருப்பவர் போட்டியில் இல்லை. ஃபைன்ஸ்டைன் இடையில் காலமானதால், அடுத்த ஜனவரி 3 வரை எஞ்சியிருக்கும் காலத்துக்கு ஒரு தேர்தல், அதன்பின் வரும் முழு 6 ஆண்டுகளுக்கு இன்னொரு தேர்தல். இரண்டும் ஒரே சீட்டில் நடக்கின்றன.

பெரியப்பா (கும்பகோணம்): இங்கே மாநிலங்களவை உறுப்பினர் இறந்தால் சட்டமன்ற உறுப்பினர்கள்தாம் இடைத்தேர்தலில் வாக்களிப்பார்கள். அங்கே மாநிலம் முழுவதும் வாக்களிக்கிறதா?

செந்தில்: ஆம் அப்பா. 1913ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்துக்கு முன்னர் இங்கும் மாநிலச் சட்டமன்றங்கள்தாம் செனட் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. இப்போது மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. பதிவு செய்த வாக்காளர்கள் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேர்.

பெரியப்பா: ஒரே தொகுதியில் 2 கோடியே 20 லட்சம் பேரா! 31 ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்து பல தேர்தல்களைப் பார்த்த எனக்கே தலை சுற்றுகிறது. வேட்பாளர்கள் வீதிக்கு வருவது எப்படிச் சாத்தியம்?

செந்தில்: வர மாட்டார்கள். தொலைக்காட்சிக்குள்தான் வருவார்கள். அதனால்தான் இந்தப் போட்டியில் பணம் இவ்வளவு பேசுகிறது.

11 பிப்ரவரி 2024, ஞாயிற்றுக்கிழமை

யாழினி (அர்வைன்): என் வாக்குச்சீட்டின் படத்தையும் அனுப்புகிறேன் தாத்தா.

பெரியப்பா: யாழினி, உன் சீட்டிலும் மலரின் சீட்டிலும் பெயர்களின் வரிசை வேறாக இருக்கிறதே. இரண்டில் ஒன்று போலியாக இருக்கலாம் அல்லவா? உடனே விசாரியுங்கள்.

செந்தில்: இரண்டுமே அசல்தான் அப்பா. முதலில் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு ஒரு வரிசையை முடிவு செய்கிறார்கள். பிறகு, மாநிலம் தழுவிய பதவிகளுக்கு, சட்டமன்றத் தொகுதி மாறும்போதெல்லாம் முதலில் இருப்பவர் கடைசிக்குப் போக, அடுத்தவர் மேலே வருகிறார். முதல் இடத்தில் பெயர் இருப்பதாலேயே யாருக்கும் ஆதாயம் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 80 தொகுதிகளிலும் இப்படிச் சுற்றுகிறது.

பெரியப்பா: நல்ல ஏற்பாடு. நம்மூரில் அகர வரிசை. அதற்காகவே பெயரை மாற்றிக்கொண்ட ஒருவரை நான் அறிவேன். வேட்பாளர் கட்டும் டெபாசிட் எவ்வளவு?

செந்தில்: செனட் உறுப்பினரின் ஆண்டுச் சம்பளத்தில் 2 விழுக்காடு, அதாவது 3,480 டாலர். ஆனால் அது கட்டணம். எத்தனை வாக்கு வாங்கினாலும் திரும்பக் கிடைக்காது. ஆகவே டெபாசிட் இழந்தார் என்று யாரையும் கேலி செய்ய வழியில்லை.

மலர்: யாழினி, நீ யாருக்கு வாக்களிக்கப் போகிறாய் என்று கேட்கலாமா?

யாழினி: பார்பரா லீக்கு, அத்தை. 2001இல் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, அதிபருக்குப் போர் அதிகாரம் வழங்கும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தவர் இரு அவைகளிலும் அவர் ஒருவரே. நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது அது. தனியாக எழுந்து நின்ற ஒருவருக்கு நான் ஒரு வாக்காவது தர வேண்டாமா?

செந்தில்: மகளே, கருத்துக் கணிப்புகளில் அவர் நான்காம் இடத்தில் இருக்கிறார். அவருக்குப் போடும் வாக்கு வீணாகிவிடும். நம் தொகுதி உறுப்பினர் போர்ட்டருக்குப் போட்டால் நவம்பரில் ஷிஃபுடன் மோதும் இரண்டாவது இடமாவது அவருக்குக் கிடைக்கும்.

சித்தப்பா (பேக்கர்ஸ்ஃபீல்டு): நான் ஸ்டீவ் கார்விக்குப் போடுவதாக முடிவு செய்துவிட்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன். அண்ணா, அவர் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் முதல் பேஸ் ஆட்டக்காரராக இருந்தவர். 1974இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். நான் இந்நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு பேஸ்பால் புரிய வைத்தவர்களே அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள்தாம். தவிர, பெட்ரோல் விலையையும் வீட்டு விலையையும் பார்த்தபின் ஒரே கட்சியே எப்போதும் ஆள வேண்டுமா என்று எனக்குக் கேள்வி எழுகிறது. 1988க்குப் பிறகு குடியரசுக் கட்சியின் ஒருவரும் இங்கிருந்து செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

யாழினி: சின்னத் தாத்தா, ஜனவரி 22 விவாதத்தில் டிரம்பை ஆதரிப்பீர்களா என்று கேட்டபோது அவர் நழுவிக்கொண்டே இருந்தாரே. 'ஒருமுறை டாட்ஜர் ஆனவர் எப்போதும் டாட்ஜர்' என்று போர்ட்டர் சொன்னார். ஆங்கிலத்தில் 'டாட்ஜர்' என்றால் நழுவுகிறவர் என்றும் பொருள் என்பதை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சித்தப்பா: சிலேடை நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. என் வாக்கு மாறவில்லை.

15 பிப்ரவரி 2024, வியாழக்கிழமை

மலர்: ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். இரவுச் செய்திகளுக்கு இடையில் ஷிஃபின் விளம்பரம் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. போட்டி தமக்கும் கார்விக்கும்தான் என்பது போலவும், கார்வி கலிஃபோர்னியாவுக்குப் பொருந்தாத அளவுக்குப் பழமைவாதி, டிரம்புக்கு இரு முறை வாக்களித்தவர் என்றும் அதில் சொல்கிறார்கள். போர்ட்டரின் பெயரே இல்லை. எதிரியைத் திட்டுவதற்கு இவ்வளவு செலவு செய்கிறவர், தமது கட்சியிலேயே தமக்கு நெருக்கமாக வருகிறவரை ஏன் விட்டுவிட்டார்?

பெரியப்பா: மலர், அந்த விளம்பரத்தை ஒரு குடியரசுக் கட்சிக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்?

மலர்: 'பழமைவாதி' என்றால் நல்லதுதானே என்று நினைப்பார்.

பெரியப்பா: அப்படியானால் அது திட்டு இல்லை அம்மா, அறிமுகம். கார்வியிடம் விளம்பரத்துக்குப் பணம் இல்லாத குறையை எதிராளியே தீர்த்து வைக்கிறார். ஏன் என்பதை மட்டும் செந்தில் சொல்ல வேண்டும். அங்கே முதல் சுற்றில் எத்தனை பேர் தேறுவார்கள்?

செந்தில்: இரண்டே பேர், அப்பா. 2010இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த முறை இது. கட்சி எதுவானாலும் எல்லா வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். மார்ச் 5 முதல்நிலைத் தேர்தலில் அதிக வாக்குப் பெறும் இருவர் நவம்பருக்குச் செல்வார்கள். இருவரும் ஒரே கட்சியாகவும் இருக்கலாம். 2016இல், பார்பரா பாக்ஸர் மீண்டும் போட்டியிடாததால் காலியான இன்னொரு செனட் இடத்துக்கு அப்படித்தான் நடந்தது: கமலா ஹாரிஸும் லொரெட்டா சான்செஸும் ஒரே கட்சியினராக நவம்பரில் மோதினார்கள்.

பெரியப்பா: துளசேந்திரபுரத்து கோபாலனின் பேத்தி ஜெயித்த தேர்தல் அதுதானா? நமக்கு மன்னார்குடிப் பக்கம். சரி, கணக்கு இப்போது விளங்கிவிட்டது. நவம்பரில் போர்ட்டர் எதிரே வந்தால் ஷிஃபுக்குக் கடும் போட்டி. கார்வி வந்தால், குடியரசுக் கட்சி 1988க்குப் பிறகு செனட் தேர்தலில் வெல்லாத மாநிலத்தில், படுத்துக்கொண்டே வெல்லலாம். ஆகவே முதல் சுற்றில் முன்னணியில் இருப்பவர் வாக்குச் சேகரிப்பதோடு நிற்கவில்லை, எதிராளியையும் தாமே தேர்ந்தெடுக்கிறார்.

யாழினி: இது நியாயமா தாத்தா?

பெரியப்பா: சட்டத்துக்கு உட்பட்டது என்று மட்டும் சொல்வேன். எங்கள் ஊர்களில் எதிரியின் வாக்கைப் பிரிக்க அதே பெயருடைய ஒரு சுயேச்சையை நிறுத்துவார்கள். எதிரிகளில் ஒருவரை இப்படித் தூக்கி நிறுத்துவதை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

செந்தில்: போர்ட்டரும் சும்மா இருக்கவில்லை. எரிக் எர்லி என்ற மற்றொரு குடியரசுக் கட்சி வேட்பாளரைப் பற்றி இணையத்தில் விளம்பரம் செய்து, கார்வியின் வாக்குகளைப் பிரிக்கப் பார்க்கிறார். ஷிஃப் செய்வதைக் குறை சொல்லிவிட்டு அதையே சிறிய அளவில் செய்கிறார் என்பதை, அவருக்கு வாக்களிக்கப் போகிறவன் என்ற முறையில் வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிரிப்டோ நாணயத் தொழிலின் பணத்தில் இயங்கும் ஒரு குழு ஏறத்தாழ 1 கோடி டாலரை அவருக்கு எதிராகக் கொட்டியிருக்கிறது. அதன் விளம்பரங்களில் கிரிப்டோ என்ற சொல்லே வரவில்லை.

சித்தப்பா: என் கட்சி வேட்பாளருக்கு என் எதிர்க்கட்சி வேட்பாளர் செலவு செய்கிறார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறேன்.

மலர்: எனக்கு வாக்களிக்கும் ஆசையே குழம்பிவிட்டது. பிடித்தவருக்குப் போடுவதா, பிடிக்காத முடிவைத் தடுக்கப் போடுவதா?

யாழினி: அத்தை, உங்களிடம் ஒரே நாற்காலிக்கு இரண்டு வாக்கு இருக்கிறது. ஒன்றை மனத்துக்காகவும் ஒன்றைக் கணக்குக்காகவும் போடலாமே.

பெரியப்பா: 19 வயதில் இவ்வளவு சாமர்த்தியம் ஆகாது.

6 மார்ச் 2024, புதன்கிழமை

செந்தில்: முடிவு ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. ஷிஃபும் கார்வியும் நவம்பருக்குச் செல்கிறார்கள். போர்ட்டரும் லீயும் வெளியே. ஷிஃபும் இவர்களுமாக மூவரும் கீழவை இடத்தை விட்டுவிட்டு இதற்கு வந்தவர்கள் என்பதால், போர்ட்டருக்கும் லீக்கும் அடுத்த ஜனவரியில் எந்த அவையிலும் இடம் இருக்காது.

யாழினி: நான் லீக்குப் போட்டதால்தான் போர்ட்டர் தோற்றாரா அப்பா? உண்மையைச் சொல்லுங்கள்.

பெரியப்பா: எண்ணிக்கை முழுவதும் முடியட்டும் கண்ணே. கணக்கில்லாமல் யாரும் குற்றவாளி ஆவதில்லை.

20 மார்ச் 2024, புதன்கிழமை

மலர்: மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தபால் உறையில் நான் இட்ட கையெழுத்து, அவர்களிடம் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். ஓட்டுநர் உரிமத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். முதல் வாக்கு என்ற மகிழ்ச்சியில் உறையின் மேல் தமிழில் 'மலர்' என்று எழுதிவிட்டேன். என் வாக்கு போய்விட்டதா?

செந்தில்: போகவில்லை. அந்தக் கடிதத்தோடு உள்ள படிவத்தில், அது உன் வாக்குத்தான் என்று உறுதிசெய்து கையெழுத்திட்டு உடனே அனுப்பு. முடிவு சான்றளிக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வரை ஏற்றுக்கொள்வார்கள். இங்கே எண்ணிக்கை இத்தனை வாரம் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியப்பா: தபாலில் வந்த ஒற்றை உறைக்காகக் கடிதம் எழுதிக் காத்திருக்கிறார்களா? தாமதத்தைப் பற்றி இனிக் குறை சொல்ல மாட்டேன்.

14 ஏப்ரல் 2024, ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா: அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே வெள்ளிக்கிழமை 19ஆம் தேதி மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. வாக்குச்சாவடிச் சீட்டு வந்துவிட்டது. அங்கே இறுதிக் கணக்கு வந்ததா?

செந்தில்: வந்துவிட்டது அப்பா. முழுப் பதவிக்காலப் போட்டியில் ஷிஃப் 31.6 விழுக்காடு, கார்வி 31.5, இருவருக்கும் இடையே 3,500 வாக்குகூட வித்தியாசம் இல்லை. போர்ட்டர் 15.3, லீ 9.8. குறுகிய காலப் போட்டியில் கார்வியே முதலிடம். அங்கே 7 பேர் மட்டும் இருந்ததால், 27 பேரில் சிதறிய குடியரசுக் கட்சி வாக்குகள் அவரிடம் குவிந்திருக்க வேண்டும்.

பெரியப்பா: யாழினி, கூட்டிப் பார். 15.3ஐயும் 9.8ஐயும் சேர்த்தால் 25.1. லீக்கு விழுந்த ஒவ்வொரு வாக்கும் போர்ட்டருக்கே போயிருந்தாலும் கார்வியின் 31.5ஐ எட்டாது. நீ குற்றவாளி இல்லை.

யாழினி: நன்றி தாத்தா. ஒரு மாதமாக மனத்தில் இருந்த பாரம் அது.

சித்தப்பா: இரண்டிலும் கார்விக்குப் போட்டவன் என்ற முறையில் கேட்கிறேன்: நவம்பரிலும் சீட்டில் இரண்டு இடத்தில் வருமா?

செந்தில்: வரும் சித்தப்பா. குறுகிய காலத்துக்கு வெல்பவர் ஜனவரி 3 வரை மட்டுமே அமர்வார். இரண்டு மாதம்கூட இல்லை. அதற்கும் முழு மாநிலமும் வாக்களிக்கிறது.

மலர்: என் வாக்குச்சீட்டு எண்ணப்பட்டதாக நேற்றுக் குறுஞ்செய்தி வந்தது.

யாழினி: யாருக்குப் போட்டீர்கள் அத்தை?

பெரியப்பா: அதைக் கேட்கக் கூடாது. மலர், நவம்பருக்குள் கையெழுத்தை ஒன்றாக்கிக்கொள்.

மலர்: ஆக்கிவிட்டேன் பெரியப்பா. புதிய பதிவுப் படிவத்தில் தமிழிலேயே கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். இனி உரிமத்தில்தான் மாற்ற வேண்டும்.