எஃபெக்டர்: தமிழில் என்ன? (தாவர நோயியல், அவசரம்)

பசுங்கணிகம் எழுதியது:

அவையோர்க்கு வணக்கம். ஊமைசீட்டுகள் (பூஞ்சை போலத் தோன்றும் நோயுயிரிகள், oomycetes) பற்றிய பாட இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எஃபெக்டர் என்ற ஒரு சொல்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. பக்கத்துக்கு நாலைந்து இடத்தில் வருகிறது.

பொருள் இது: நோயுயிரி சுரந்து வெளியே விடும் மூலக்கூறு, ஓம்புயிரியின் காப்பைக் குலைத்து நோயுயிரிக்கு வழிவிடுவது. சில வகை செல்லிடைவெளியிலேயே நின்று தாவரத்தின் புரதச்சிதைப்பு நொதிகளை முடக்கும். வேறு சில தாவரச் செல்லுக்குள் நுழையும். நுழைபவற்றில் பெரிய கூட்டத்துக்கு முன்பகுதியில் ஓர் அடையாளம் உண்டு: ஆர்ஜினின், ஏதேனும் ஒரு அமினோ அமிலம், லியூசின், மீண்டும் ஆர்ஜினின். உருளைக்கிழங்குக் கருகல் நோயைத் தரும் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்சின் மரபுத்தொகை 2009இல் வெளியானபோது இந்த வகை மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 560 இருந்தன.

கைவசம் இருப்பவை: விளைவி, வினையி, செயலி. செயலி இனிக் கைப்பேசிக்கே சொந்தம். மற்ற இரண்டில் ஒன்று தேறுமா?

வேர்ச்சொல் எழுதியது:

இரண்டும் தேறாது. எதையாவது விளைவிப்பதெல்லாம் விளைவிதானே. நொதியும் விளைவி, வெயிலும் விளைவி. "ஏவி" என்று வையுங்கள். ஏ என்றாலே அம்பு. ஏ, எய், ஏவு எல்லாம் ஒரே வேர். முள்ளை எய்வதாக நம்பியதால்தான் முள்ளம்பன்றி எய்ப்பன்றி ஆயிற்று. ஏகலைவனும் ஏ + கலை + வன் என்பார் உண்டு. இந்த வேரை இன்னும் பின்னோக்கிப் பிடித்தால்...

எளியதமிழ் எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமைக்குள் ஏகலைவனை விட்டுவிடுவோம்.

ஏவி, ஏவல் என்று எழுதினால் படிப்பவருக்குப் பில்லி சூனியம்தான் நினைவுக்கு வரும். எஃபெக்டர் என்றே விடுங்கள். மாணவர் நாளை ஆய்வுக்கட்டுரை படிக்கப் போனால் அங்கே இருப்பது அந்தச் சொல்தான். வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தில் எழுதிக்கொள் என்றுதான் தொல்காப்பியர் சொன்னார். சொல்லையே துரத்து என்று சொல்லவில்லை.

நன்னூலார் எழுதியது:

> "ஏவி" என்று வையுங்கள்.

இகர ஈறு இங்கே கருத்தாவைக் குறிக்கும். ஏவி என்றால் ஏவுவது, அதாவது நோயுயிரி. நமக்குப் பெயர் வேண்டியது ஏவப்படுவதற்கு. எய்தவன் இருக்க அம்புக்கு அவன் பெயரை வைப்பானேன்? ஏவுகணை போல "ஏவுபுரதம்" என்க. வினைத்தொகை, செயப்படுபொருள் நிலைமொழியோடு தானே இசையும்.

கண்ணாடித்தட்டு எழுதியது:

சொல்லைச் சொற்றொடரில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். இந்த இயலில் வரும் மூன்று இடங்கள்:

ஒன்று. "ஏவிஆர்3ஏ என்னும் ஏவுபுரதம் தாவரத்தின் சிஎம்பிஜி1 புரதத்தைச் சிதையாமல் நிலைப்படுத்துகிறது, அதனால் ஐஎன்எஃப்1 தூண்டும் செல் சாவு தடைபடுகிறது." நன்றாகவே நிற்கிறது. ஐஎன்எஃப்1 வேறு இனம் (தாவரக் காப்பைத் தூண்டிவிடும் நோயுயிரிப் புரதம்), அதற்குத் "தூண்டி" இருக்கிறது. இரண்டையும் கலக்கக் கூடாது.

இரண்டு. ஆய்வகச் சோதனை. ஏவிஆர்3ஏ மரபணுவையும் அதை அடையாளம் காணும் உருளைக்கிழங்கின் ஆர்3ஏ எதிர்ப்பு மரபணுவையும் தனித்தனி ஆக்ரோபாக்டீரியத்தில் (தாவரச் செல்லுக்குள் மரபணுவைக் கடத்தும் பாக்டீரியம்) ஏற்றி, சம அளவு கலந்து, நிக்கோட்டியானா பென்தமியானா என்ற புகையிலை உறவுச் செடியின் இலையின் அடிப்பக்கம் ஊசி இல்லாத சிரிஞ்சால் செலுத்துகிறோம். சில நாளில் அந்த வட்டம் மட்டும் கருகினால் அடையாளம் காணப்பட்டது என்று பொருள். ஏவிஆர்3ஏ புரதத்தின் 80ஆம் இடத்தில் லைசின், 103இல் ஐசோலியூசின் உள்ள வடிவத்துக்குக் கருகும். அதே இடங்களில் குளுட்டாமிக் அமிலமும் மெத்தியோனினும் உள்ள வடிவம் தப்பிவிடும். ஒவ்வொன்றையும் தனியாகச் செலுத்திய வட்டங்களும் அதே இலையில் வேண்டும். பாக்டீரியக் கரைசல் அடர்த்தி மிகுந்தால் இலை சும்மாவே மஞ்சளடிக்கும், அதை விடையென்று எடுத்துவிடுவார்கள். சுரப்புக் குறிவரிசையை வெட்டிவிட்டுத்தான் மரபணுவை ஏற்ற வேண்டும். விட்டுவைத்தால் புரதம் செல்லுக்கு வெளியே போய்விடும். இப்போது சிக்கலைப் பாருங்கள்: இங்கே புரதத்தைச் செய்வது தாவரமே. நோயுயிரி கிடையாது. யாரும் ஏவவில்லை.

மூன்று. எல்லா எஃபெக்டரும் புரதம் அல்ல. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியைத் தாக்கும் அடிச்சாம்பல் நோயுயிரியின் குறு ஆர்என்ஏக்கள் தாவரத்தின் ஆர்கோநாட் புரதத்தில் ஏறி உட்கார்ந்து, தாவர மரபணுக்களையே அடக்குகின்றன. "ஏவுபுரதமாகிய ஆர்என்ஏ" என்று எழுத முடியாது.

நன்னூலார் எழுதியது:

இரண்டாவதற்கு விடை எளிது. வினைத்தொகைக்கு முக்காலமும் உண்டு. கிடங்கில் கிடப்பதும் ஏவுகணைதான். மூன்றாவது தடை நியாயமானது; அங்கே "ஏவுமூலக்கூறு".

வேர்ச்சொல் எழுதியது:

ஏழெழுத்து! இரண்டெழுத்து ஏவிக்குக் குறை சொன்னவர்கள் இதை ஏற்பீர்களா? போகட்டும். இயலின் தலைப்பிலேயே "ஊமைசீட்டு" என்று இருக்கிறதே, ஊமைக்கும் சீட்டுக்கும் என்ன உறவு? கிரேக்கத்தில் முட்டை, பூஞ்சை என்று தெளிவாக இருக்கும்போது "முட்டைப்பூஞ்சை" என்றால் குறைந்தா போகும்?

கண்ணாடித்தட்டு எழுதியது:

குறைந்துதான் போகும். கிரேக்கப் பெயரே தவறு. இவை பழுப்புப் பாசிக்கும் டயாட்டத்துக்கும் உறவு. செல்சுவரில் செல்லுலோசும் பீட்டா குளுக்கனும். கைட்டின் மிகச் சொற்பம். இழைகளில் பெரும்பாலும் குறுக்குச்சுவர் இல்லை. வளர்நிலையில் இருமடிய மரபுத்தொகை. பைட்டோப்தோராவால் ஸ்டெராலைத் தானே செய்ய முடியாது. ஆகவே பூஞ்சைச் சவ்வின் எர்கோஸ்டெரால் ஆக்கத்தைத் தடுக்கும் அசோல் மருந்துக்கு அங்கே இலக்கே இல்லை. பூஞ்சை என்று பெயர் வைத்தால் பூஞ்சை மருந்தைத்தான் கை எடுக்கும். ஊமையாகவே இருக்கட்டும்.

அதைவிட முக்கியம்: ஹாஸ்டோரியத்தை "செல்லைத் துளைத்து உள்ளே நுழையும் உறிஞ்சி" என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். அது துளைப்பது செல்சுவரை மட்டுமே. தாவரச் செல்சவ்வு கிழியாமல் அதைச் சுற்றி உள்மடிந்து கொள்கிறது. சவ்வு கிழிந்தால் செல் சாகும். உயிருள்ள செல்லிலிருந்து உண்ணும் முதல் கட்டமே நடக்காது. ஏவுபுரதம் அந்தச் சவ்வையும் கடந்தாக வேண்டும். வாக்கியத்தைத் திருத்துங்கள்.

எளியதமிழ் எழுதியது:

இன்னொன்று. நோய் எதிர்ப்பியலில் எஃபெக்டர் செல் இருக்கிறது, நரம்பியலில் எஃபெக்டர் உறுப்பு இருக்கிறது. அவற்றை யார் ஏவினார்கள்? மூலத்தில் ஒரு சொல், தமிழில் மூன்று. அகரமுதலி செய்பவர் பாவம்.

பசுங்கணிகம் எழுதியது:

அந்தத் துறைகள் அவரவர் சொல்லை வைத்துக்கொள்ளட்டும். அங்கே கருத்தே வேறு. இந்த இயலுக்கு: வரையறையிலும் ஆர்என்ஏ பத்தியிலும் ஏவுமூலக்கூறு, மற்ற இடங்களில் ஏவுபுரதம், வரையறையில் மட்டும் ஒருமுறை "எஃபெக்டர் எனப்படும்". ஹாஸ்டோரிய வாக்கியம் திருத்தியாயிற்று. எல்லார்க்கும் நன்றி.

வேர்ச்சொல் எழுதியது:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ஏவி.

கண்ணாடித்தட்டு எழுதியது:

மெய்ப்புப் பார்த்தேன். தேடி மாற்றியதில் "எஃபெக்டரால்" இருந்த இடமெல்லாம் "ஏவுபுரதமால்" ஆகியிருக்கிறது. "எஃபெக்டர் புரதங்கள்" என்பது "ஏவுபுரதம் புரதங்கள்". 14ஆம் பக்கத்தில் ஐஎன்எஃப்1உம் ஏவுபுரதமாகிவிட்டது; அதைத் தூண்டி என்று திரும்ப மாற்றுங்கள்.

நன்னூலார் எழுதியது:

மகர ஈற்றுக்கு அத்துச் சாரியை: ஏவுபுரதத்தால், ஏவுபுரதத்தின், ஏவுபுரதத்தை. உருபு வாரியாகத் தனித்தனியே தேடி மாற்றினால் ஒரு மணி நேர வேலை.

எளியதமிழ் எழுதியது:

எஃபெக்டருக்குச் சாரியை வேண்டியதில்லை.