மொய்க் கணக்கு செயலிக்கு நன்கொடை வாங்க வழி சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். கல்யாண வீட்டு மொய் நோட்டுக்குப் பதிலாக ஒரு செயலி எழுதியிருக்கிறேன், இலவசம், ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), எங்கள் ஆச்சியே அதில்தான் கணக்குப் பார்க்கிறார்கள். செலவைச் சமாளிக்க உள்ளே ஒரு யுபிஐ க்யூஆர் வைத்தேன். அடுத்த அப்டேட்டை கூகுள் ப்ளே ஸ்டோரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், நன்கொடையானாலும் அவர்கள் பில்லிங் வழியாகத்தான் வரவேண்டுமாம். சரி, வைக்கலாம், ஆனால் சின்ன டெவலப்பருக்கே 15 சதவீதம் கமிஷன், 101 ரூபாய் மொய்யில் 15 ரூபாயை வாசலிலேயே எடுத்துக்கொள்வது மாதிரி. ஓப்பன் சோர்ஸ் செயலிகளுக்கான தனி ஸ்டோரான எஃப்-டிராய்டில் நன்கொடை இணைப்புக்குத் தடையில்லை, ஆனால் பள்ளத்தூர் பெரியப்பாவை அங்கே போய் இன்ஸ்டால் செய்ய வைப்பது நடக்கிற காரியமா? ஐபோனுக்கும் கேட்கிறார்கள், அதற்கு ஆப்பிளுக்கு டெவலப்பர் கட்டணம் வருடம் 99 டாலர். யாராவது செயலிக்குள்ளேயே 'டிப்' வைத்து வாங்குகிறீர்களா? கமிஷன், வரி எல்லாம் போகக் கையில் எவ்வளவு நின்றது? க்யூஆரை வெப்சைட்டில் மட்டும் வைத்தால் யாராவது தேடிவந்து கொடுக்கிறார்களா?