அடகில் இருக்கும் நகையை எந்தப் பக்கம் எழுதுவது?

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சில கிராமங்களில், ஒரு வீடு அடுத்த அடியைத் தாங்குமா என்று அறியும் கணக்கெடுப்புக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறோம். 2009 வரை போர், 2016-17இல் வறட்சி, 2018 டிசெம்பரில் வெள்ளம் என்று அடி மேல் அடி வாங்கிய சனம்.

உணவுப் பகுதி சரி. கடந்த 7 நாளில் எத்தனை நாள் கடனுக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்கினீர்கள், பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் சாப்பாட்டைக் குறைத்தீர்களா என்று கேட்கும் வழமையான முறைதான்.

சொத்துப் பகுதியில்தான் சிக்கல். தாலிக்கொடியை விதைநெல்லுக்கு அடகு வைக்கிறார்கள், அறுவடை முடிய மீட்கிறார்கள், அடுத்த போகத்துக்குத் திரும்ப வைக்கிறார்கள். இது சொத்தா, கடனா? என்னைக் கேட்டால், வெள்ளம் வந்த வருடம் அதை மீட்க முடிந்ததா என்பதுதான் அந்த வீட்டின் பலத்தைச் சொல்லும். படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

மற்றது, பெரும்போக அறுவடை முடிந்த கையோடு போனால் எல்லா வீடும் பலமாகத்தான் தெரியும். ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போகக் காசு போதாது.

இப்படியான வேலை செய்தவர்கள், அடகையும் நுண்கடனையும் எப்படிக் கேட்டீர்கள், எந்த மாதம் போனீர்கள் என்று சொல்லுங்கள். குறிப்பாக, கணவரை இழந்த பெண்கள் கடன் விபரத்தை அயலவர் முன்னால் சொல்லத் தயங்குகிறார்கள். அதற்கு என்ன செய்தீர்கள்? பழைய கேள்வித்தாள் இருந்தாலும் தந்துதவுங்கள்.