குடியாத்தம்: தங்கச்சிக்கு இதய வால்வு சுருக்கம், இப்ப 11 வாரக் கர்ப்பம்

வணக்கம். தங்கச்சிக்கு 26 வயசு. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலால மைட்ரல் வால்வு சுருங்கிப்போச்சு. அந்தக் காய்ச்சல் திரும்ப வராம இருக்க 21 நாளைக்கு ஒருதடவை பென்சிலின் ஊசி இன்னமும் போடுறோம். போன வாரம் எக்கோவுல (இதய ஸ்கேன்) வால்வு திறக்கிற அளவு 1.2 சதுர செ.மீ.தான். மாடிப்படி பாதியிலயே கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடறா. ராத்திரி ரெண்டு தலையணை வெச்சாத்தான் தூக்கம்.

மகப்பேறு டாக்டர் கலைச்சிடச் சொல்றாங்க. இதய டாக்டரோ மாத்திரையில சமாளிக்கலாம், முடியலன்னா பலூன் வெச்சு வால்வை விரிக்கலாம்ங்கிறார். ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசவே இல்ல, அதுதான் பயமா இருக்கு. 28 வாரத்துக்கு மேல இதயத்துக்குச் சுமை உச்சத்துக்குப் போகுமாம். அவளுக்குக் குழந்தை வேணும். எங்களுக்கு அவ வேணும்.

வேலூர், காட்பாடி பக்கம் ரெண்டு டாக்டரும் ஒண்ணா உட்கார்ந்து பார்க்கிற இடம் எது?