பங்குனி மடல்: நம்ம ஊர் நடுநிலைப் பள்ளியில் ஜூனுக்குள் முடிக்க வேண்டியவை

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மாசி போய்ப் பங்குனி பிறந்துவிட்டது. ஊரில் புளி உலுக்கு நடக்கிறது. காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறுகிறது. ஆண்டுத் தேர்வு, ஆண்டு விழா, புதுச் சேர்க்கை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியூர் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை எல்லாம் ஒரே நேரத்தில் விழுவதால் பள்ளிக்கு ஆண்டிலேயே நெருக்கடியான காலம் இதுதான். சங்கத்திலிருந்து உதவி பெரும்பாலும் ஜூனில்தான் போகிறது, அதுவும் நோட்டு, பை என்று. அவற்றை அரசே கொடுக்கிறது. பணம் இப்போதே கைக்கு வந்தால்தான் மே விடுமுறையில் கொத்தனாரையும் பிளம்பரையும் வைத்து வேலையை முடிக்கலாம்.

முதல் வேலை தண்ணீர். நம் பக்கத்துப் பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டினால் பல்லில் காவிக் கறை விழும். பல்லின் மேற்பூச்சு உருவாகும் வயதில், சுமார் எட்டு வயது வரை குடித்த தண்ணீர்தான் அந்தக் கறைக்குக் காரணம். பிறகு எந்தப் பற்பொடியாலும் அது போகாது. நடுநிலைப் பள்ளி என்றாலும் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் இதே குழாயில்தான் குடிக்கிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இந்தப் பிரச்சினைக்காகத்தான். அந்தத் தண்ணீர் பள்ளிக்கும் வருகிறது. சிக்கல் எங்கே என்றால், பள்ளியில் மேல்நிலைத் தொட்டி ஒன்றுதான். காவிரித் தண்ணீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று (போர்) மோட்டாரைப் போடுகிறார்கள். இரண்டும் ஒரே தொட்டியில் விழுந்து கலந்துவிடுகிறது. கோடையில் போர் தண்ணீரின் பங்கு கூடும். குழாயைத் திறக்கும் பிள்ளைக்கு எது வருகிறது என்று தெரிய வழியே இல்லை.

ருசியை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. கால்சியம் குறைவான தண்ணீரில்தான் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்கும், ஆகவே நுரையை நம்பக் கூடாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அளவு கூடத்தான் செய்யும்.

இதைப் பிள்ளைகளே சோதித்துப் பார்க்கும் வேலை, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளை ஒட்டிப் பள்ளியில் தொடங்கியிருக்கிறது. பள்ளி போர், கோயில் பக்கத்துக் கைப்பம்பு, தெருக்குழாய், ஒகேனக்கல் இணைப்பு என்று தனித்தனியாக மாதிரி எடுக்கிறார்கள். பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், கண்ணாடி கூடாது, ஏனென்றால் ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசிய பிறகு பிடிக்கணும். இடம், தேதி, நேரம் மூன்றையும் அங்கேயே பாட்டிலில் எழுதிவிட வேண்டும். பள்ளிக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் பாட்டில் மாறிப் போகும்.

மாதிரித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, சோதனைக் கருவியோடு வரும் மருந்தை விட்டதும் தண்ணீர் செந்நிறமாக இருக்கும். ஃபுளோரைடு கூடக் கூட அந்தச் சிவப்பு வெளுத்து மஞ்சளுக்கு இறங்கும். குழாயை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து, நிழலான பகல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். இரண்டு பிள்ளைகள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்காமல் எழுத, இரண்டும் ஒத்தால் பதிவேட்டில் ஏறும், இல்லையென்றால் மறுபடி. மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிற ஒழுங்கு இது. எட்டாம் வகுப்பிலேயே பழகுவது பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை. குளோரின் போட்ட தண்ணீரை உடனே சோதித்தால், குளோரினே மருந்தின் நிறத்தை வெளுத்து, ஃபுளோரைடு அதிகம் என்று தவறாகக் காட்டும். குளோரின் வாடை இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பார்க்கணும். மருந்து புட்டியும் வெயிலில் கிடந்தால் கெட்டுவிடும். எப்படியும் இந்தக் கருவி தோராயமாகத்தான் சொல்லும். 1க்கு மேல் காட்டும் மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆய்வகம் தரும் சீட்டைக் கிராம சபையில் வைத்தால் மறுக்க முடியாது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் ஒரு கிராம சபை, அது தவறினால் மே 1 இருக்கிறது.

கேட்கும் உதவி இதுதான்: குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனித் தொட்டி ஒன்று. நூற்றைம்பது பிள்ளைகள் என்று வைத்தால், பள்ளி நேரத்தில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், மொத்தம் 225 லிட்டர். சத்துணவு அரிசி 1 முதல் 5 வரை தலைக்கு 100 கிராம், 6 முதல் 8 வரை 150 கிராம். அந்தச் சோறு, சாம்பார், காலைச் சிற்றுண்டி எல்லாவற்றுக்குமாக இன்னொரு 150 லிட்டர். சமையலைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு சோற்றிலும் பருப்பிலும் அப்படியே தங்கிவிடும். ஆக ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று, தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தாலும் தாங்கும். ஒகேனக்கல் இணைப்பு மட்டும் அதில் விழ வேண்டும். போர் குழாய்க்கு அதில் வழியே இருக்கக் கூடாது. வால்வு போட்டு அடைத்து வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடைத்த வால்வு அவசரத்துக்குத் திறக்கப்படும், பிறகு திறந்தே கிடக்கும்.

தொட்டியை வேம்பு நிழலில், நான்கடி உயர மேடையில் வைக்கலாம். வெளியே போகும் குழாய் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருக்கட்டும், வண்டல் கீழேயே தங்கும். கழுவிவிட அடியில் தனி வால்வு வேண்டும். நிரம்பி வழியும் குழாயின் வாயில் கொசுவலை கட்ட வேண்டும், இல்லையென்றால் டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும். வெயில் படும் பிவிசி குழாய் சில வருடத்தில் நொறுங்கும். ஆகவே மண்ணுக்குள் புதைக்கணும், சுவரில் போகும் இடத்தில் பெயின்ட் அடிக்கணும்.

தொட்டி வந்த பிறகு பராமரிப்பு. முதல் நாள் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஆயிரம் லிட்டர் நிரப்பி 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு இரவு வைத்து, காலையில் முழுவதும் வெளியேற்றி அலசிவிட வேண்டும். தினசரிக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும், கலந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பவுடரை நேராகக் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு படிய விட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். பிரித்த பாக்கெட் கோடை வெக்கையில் சீக்கிரம் வீரியம் இழக்கும். மூட்டையாக வாங்குவது மலிவு என்று போகாமல் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்கச் சொல்லியிருக்கிறோம்.

ஆர்.ஓ. மெஷின் வாங்கித் தரலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. ஃபுளோரைடை அது நன்றாகவே நீக்கும். ஆனால் உப்பு அதிகமான போர் தண்ணீரில் மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) சீக்கிரம் அடைக்கும், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் பம்பு போகும், சுத்தமாகும் தண்ணீரைவிடக் கழிவாகப் போவது பல மெஷின்களில் அதிகம். ஃபில்டர் மாற்ற ஆண்டுதோறும் பணம் ஒதுக்காத மெஷின் மூலையில்தான் நிற்கும். ஊருக்குள் காவிரித் தண்ணீர் வரும்போது, அதைக் கலக்காமல் காப்பதுதான் மலிவான வழி.

அடுத்தது வருகை. புளி உலுக்கும் காலத்தில் வீட்டு வீட்டுக்குப் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை நடக்கும், பெண் பிள்ளைகள் அதில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிற பெற்றோர் பிள்ளையையும் கூட்டிப் போய்விடுகிறார்கள். தாத்தா பாட்டியிடம் விட்டுப் போகிற பிள்ளைகள் வருகிறார்கள். ஊரில் உங்கள் வீட்டாரிடம் பேசும்போது ஏப்ரல் தேர்வு முடியும் வரையாவது பிள்ளையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லுங்கள். ஆசிரியர் சொல்வதைவிடச் சொந்தக்காரர் சொன்னால் கேட்பார்கள்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்னும் தேசிய உதவித்தொகைத் தேர்வு எழுதியவர்களுக்கு முடிவு வர வேண்டியிருக்கிறது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தேறிய பிறகும் பணம் வராமல் போவது பெயரால். ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கிக் கணக்கில் பின்னால், பள்ளிப் பதிவில் இனிஷியலே இல்லாமல் என்று மூன்று விதமாக இருக்கும். மே மாதத்துக்குள் மூன்றையும் ஒன்றாக்கி, பிள்ளையின் பெயரில் கணக்குத் திறந்து ஆதாரை இணைத்துவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோதான் சேர வேண்டும், தனியாரில் சேர்ந்தால் உதவித்தொகை கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுக்கணும், பட்டியல் இன, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 55. மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதுப் பள்ளி பதிவு செய்ய முடியாமல் ஜூன் முழுக்க அலைச்சல்.

ஆறாம் வகுப்புச் சேர்க்கையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் வேன் அனுப்பும் தனியார் பள்ளிக்கு மாற்றும் பழக்கம் கூடிவருகிறது. காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்போடு நிற்பதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டப்படி கிடைத்த இலவச இடத்தில் தனியாரில் எட்டு வரை படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. ஆறாம் வகுப்பில் மாற்றிவிட்டு ஒன்பதில் திரும்பக் கொண்டுவந்தால் இவை எதுவும் கிடைக்காது. இதைச் சொல்ல ஆளில்லாமல்தான் பல வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள உறவினர் வீட்டுக்கு இந்த வாரமே ஒரு போன் போடுங்கள்.

ஆண்டு விழா தேர்வுக்கு முன்பு ஒரு மாலையில். மைக் செட், பந்தல் செலவை ஊர்ப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வீடியோ அடுத்த மடலில்.

கடைசியாகப் பணம். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' தளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம், அந்த நன்கொடைக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. நம் சங்கக் கணக்கு வழியாக அனுப்புவோர் கவனிக்க: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சட்டச் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்புவது, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், அந்நியப் பங்களிப்பு. அந்நியப் பங்களிப்பு வாங்குவதற்கான அரசுப் பதிவு இல்லாத நம் சங்கம் அதை வாங்கக் கூடாது. அண்ணன் தம்பி கணக்கில் போட்டு அங்கிருந்து மாற்றுவதும் வேண்டாம், அது சங்கத்துக்கே வினையாகும். அப்படிப்பட்ட உறவுகள் நேரமாகக் கொடுங்கள். அடுத்த என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு இப்போதைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் மனத்திறன் கணக்கு சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் தேவை. இந்திய நேரம் சனிக்கிழமை காலை.

தொட்டிக்கும் குழாய் வேலைக்கும் பிளம்பரிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறோம். எழுத்தில் வந்ததும் படத்தோடு இங்கே போடுகிறேன். யார் எவ்வளவு, யாருக்குச் சனிக்கிழமை வசதி என்பதைப் பங்குனி உத்திரத்துக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
சங்கத்தின் பள்ளிக் குழு சார்பில்