தோட்டத்தைப் புகலிடமாக்க அயல் மரத்தை வெட்டத்தான் வேண்டுமா?

தும்பை: வீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தை இந்த மண்ணின் உயிர்களுக்கே விட்டுவிட முடிவு செய்திருக்கிறேன். நாட்டு மரம், அதன் கீழே புதர், அப்புறம் உயரமான புல், ஓரத்தில் ஒரு குட்டை. அயல் செடி ஒன்றுகூட இருக்கக் கூடாது. உண்ணிச்செடியை வேரோடு எடுத்தாயிற்று. அடுத்து பழைய குல்மொஹர் மரம். அது மடகாஸ்கரில் இருந்து வந்தது. திட்டத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள்.

கல்லிடுக்கு: உண்ணியை எடுத்தது சரி. பறவைகள் அதன் விதையை எங்கெங்கோ கொண்டுபோய்ப் பரப்பும். குல்மொஹரை மட்டும் தொடாதீர்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் 1972 முதல் 30 ஆண்டுகள் தன் வீட்டுத் தோட்டத்திலேயே கணக்கெடுத்தார். காய்கறி, அயல் பூச்செடி, புல்தரை எல்லாம் கலந்த சாதாரணத் தோட்டம்தான். செடிகளையும் சேர்த்து 2,673 வகை உயிர்கள்! பிறப்பிடம் பார்த்து வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தும்பை: அந்தக் கணக்கு எனக்கும் பிடித்தது. ஆனால் எத்தனை வகை இருந்தன என்பதைத்தான் அது சொல்கிறது. குஞ்சுகள் பிழைத்தனவா என்பது வேறு கேள்வி. வாஷிங்டன் பகுதி வீட்டுத் தோட்டங்களில் கரோலினா சிக்கடி என்ற சிறு பறவையைக் கவனித்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. தாவரங்களில் நாட்டு வகைகளின் பங்கு 70 விழுக்காட்டுக்குக் குறைந்த இடங்களில் அந்தப் பறவையால் தன் எண்ணிக்கையைக் காப்பாற்ற முடியவில்லை. காரணம் புழு. குஞ்சு வளரப் புழு வேண்டும், புழுவோ கண்ட இலையையும் தின்னாது. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி உண்ணிப்பூவில் தேன் குடிக்கும். முட்டையிட எருக்கைத்தான் தேடிப் போகும். பூ நிறைய இருக்கிறது, வண்ணத்துப்பூச்சி நிறைய வருகிறது என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம், அடுத்த தலைமுறைக்கு அங்கே ஒரு இலைகூட இருக்காது.

கல்லிடுக்கு: 70 என்றால் மீதி 30 இருக்கிறதே! அந்த மரத்தில் பட்டுப்போன கிளை எதுவும் உண்டா?

தும்பை: உண்டு. குக்குறுவான் பொந்து குடைந்திருக்கிறது.

கல்லிடுக்கு: அப்படியானால் கோடரியைக் கீழே வையுங்கள். இன்று நடும் கன்றில் பொந்து குடையும் அளவுக்குக் கிளை தடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தப் பறவை எங்கே போகும்?

ஆந்தைக்கண்: நீங்கள் இருவரும் செடியை விட்டு நகரவே இல்லை. வீட்டில் பூனை இருக்கிறதா? அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகள் வரை கொல்வதாக 2013-ல் ஒரு மதிப்பீடு வந்தது. தண்ணீரும் கனியும் வைத்துப் பறவைகளை வரவழைத்து, பூனையையும் வெளியே விட்டால் அது பொறி. சின்ன இடத்தைப் புகலிடம் என்று சொல்லாமல் இருப்பதே நல்லது.

தும்பை: பூனை இருக்கிறது. இனி வெளியே விடமாட்டேன். அதைப் பற்றி இதுவரை யோசிக்காமல் இருந்தது என் தவறு. ஆனால் சின்ன இடம் என்பதால் கைவிட மாட்டேன்.

கல்லிடுக்கு: அந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி வளர்ப்பவர் இல்லாத பூனைகள் கொன்றவை. ஆனாலும் உள்ளே வைத்திருப்பதே சரி.

ஆந்தைக்கண்: சரி, குட்டை? கொசு பெருகும். சருகும் கட்டைகளும் குவித்தால் பாம்பு வரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

மழைத்தவளை: குட்டை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கொசுவுக்குப் பயந்து, கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனை விட்டுவிடாதீர்கள், தவளைக் குஞ்சுகளையும் அது விடாது. தட்டான் வந்து முட்டையிட நீர்ச்செடி போதும், அதன் இளம்புழுக்கள் கொசுப்புழுவைத் தின்னும். ஒரு கரை சரிவாக இருக்கட்டும், விழுந்த சிற்றுயிர் ஏறி வர வேண்டும். பறவைக்கு வைக்கும் தட்டில்தான் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். சருகுக் குவியல் வீட்டிலிருந்து தள்ளி, கடைசி மூலையில். சுவரை ஒட்டி இரண்டு மீட்டராவது வெறும் தரை. பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வரும், ஆகவே சிந்திய தானியத்தைக் கூட்டிவிடுங்கள்.

ஆந்தைக்கண்: இதெல்லாம் செய்தாலும் குழந்தைகள் அந்த மூலைக்குப் போகாமல் பார்ப்பது யார்? என் கருத்து மாறவில்லை.

தும்பை: நான் பார்ப்பேன், தாழ்வான வேலி ஒன்று போடுகிறேன். குல்மொஹர் இந்த ஆண்டு நிற்கட்டும். அதன் நிழல் விழாத பக்கத்தில் இரண்டு நாட்டு மரக் கன்றுகள் நடுகிறேன். அவை பொந்து தாங்கும் அளவுக்கு வளர்ந்ததும் இதை வெட்டுவேன்.

கல்லிடுக்கு: அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.