"எந்த ஏரியா?"ன்னு போலீஸ் நிறுத்தி கேட்டாங்களா? உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

வியாசர்பாடி பையன்:
மொதல்ல என்னோடத சொல்றேன். போன மாசம் நைட் ஷிப்ட் முடிச்சி வர்றோம், மணி ஒன்னு இருக்கும், ஃப்ரெண்டு வண்டி ஓட்றான் நான் பின்னாடி, பாலத்துக்கு கீழ பேரிகேட் போட்டு நிறுத்துனாங்க. அவன் நல்லா செகப்பா சட்டைய இன் பண்ணிட்டு இருப்பான், அண்ணா நகர்னு சொன்னான், லைசென்ஸ் கூட கேக்கல. என்ன பாத்து மட்டும் "நீ எறங்குடா, எந்த ஏரியா?" வியாசர்பாடி சார்னேன், அவ்ளோதான். பாக்கெட்ட காலி பண்ணு, கைய காட்டு, இந்த வெட்டு இன்னாது (கொடோன்ல அட்டைப்பெட்டி கிழிக்கிற பிளேடு பட்டது சார்னா யார் நம்புறா), அப்புறம் மூஞ்சிய நேரா வச்சி நில்லுன்னு போன்ல போட்டோ. அதான் எஃப்.ஆர்.எஸ்., 2021ல நம்ம ஸ்டேட்ல கொண்டாந்தது, பழைய குற்றவாளிங்க போட்டோவோட நம்ம மூஞ்சி ஒத்துப்போவுதான்னு பாக்குறது. ஒன்னும் வரல. "இன்னும் மாட்டல போல"ன்னு சிரிச்சிட்டு போவ சொன்னாரு. இப்போ யார் கேட்டாலும் பெரம்பூர்னுதான் சொல்றது, பயோடேட்டால கூட எங்க ஏரியா பின்கோடு 600039 போடாம மாமா வீட்டு அட்ரஸ்தான்.

ரிடையர்டு ஏட்டு:
தம்பி, நான் உள்ள இருந்தவன், கேளு. காலைல ரோல்கால்ல நேத்து நைட் எத்தினி பேர செக் பண்ண, எத்தினி கேஸுன்னுதான் கேப்பாங்க, கணக்கு வரலன்னா திட்டு. அப்போ யார புடிப்போம், வக்கீல் வைக்க முடியாதவனதான். செக்‌ஷன் 75 போடுவோம், 1888ல வெள்ளக்காரன் போட்ட சிட்டி போலீஸ் ஆக்ட்டு, குடிச்சிட்டு ரோட்ல கலாட்டான்னு எழுதுனா போதும், ஃபைன் கட்டிட்டு போயிடுவான், ஆனா பேரு ரெக்கார்டுல ஏறிடும். அடுத்த வாட்டி அந்த பேருதான் மொதல்ல வரும். பொறப்ப வச்சி திருடன்னு எழுதுன குற்றப் பரம்பரை சட்டத்த மெட்ராஸ்ல 1947லயே எடுத்தாச்சு, ஆனா எனக்கு வேல கத்து குடுத்த பெரியவங்க பேச்சுல அது இருந்துச்சு, நானும் ரொம்ப நாள் அப்டியே பேசுனவன்தான். எல்லாரும் அப்டி இல்ல, போலீஸ் நடத்துற பாய்ஸ் கிளப்புல பசங்களுக்கு சொந்த காசுல கேரம் போர்டு வாங்கி போட்ட எஸ்.ஐ.யும் இருந்தாரு. ஒன்னு மட்டும் வச்சிக்கோ, அரெஸ்ட் பண்றவன் நெஞ்சுல பேரு தெரியணும், வீட்டுக்கு தகவல் சொல்லணும்னு 1996ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. பேர பாத்து வச்சிக்க.

ராயபுரம் அக்கா:
எங்க தெருவுல நடந்தது வேற, சொல்றதுக்கே ஒரு மாதிரி இருக்கு. ஒரே வாரத்துல மூணு போன் காணோம், போலீஸ் வந்து யார் மேலயாச்சும் சந்தேகமான்னு கேட்டதும் மாடி ரூம்ல பத்து பேரா தங்கியிருந்த ஒடிசா பசங்கள கை காட்டுனது நாங்கதான், நானும்தான். இத்தனைக்கும் என் தம்பிய சந்தேக கேஸ்ல கூட்டிட்டு போனப்போ ஸ்டேஷன் வாசல்ல விடியற வரைக்கும் உக்காந்து அழுதவ நானு. அந்த பசங்கள்ல ஒருத்தன் "அக்கா, பானி"ன்னு எங்க வீட்லதான் தண்ணி வாங்கி குடிப்பான், ஜீப்புல ஏறும்போது என்ன திரும்பி பாத்தான். நைட் முழுக்க வச்சிருந்து காலைல விட்டாங்க. போன எடுத்தது எங்க தெரு புள்ளதான், அவங்கம்மா எங்கூட மார்க்கெட்டுக்கு வர்றவங்க, அவன் மேல கேஸ் வேணாம்னு நாங்களே போய் பேசி முடிச்சோம். ஒடிசா பசங்க அந்த மாசமே ரூம காலி பண்ணிட்டாங்க.

வியாசர்பாடி பையன்:
அக்கா, எங்க கொடோன்லயும் ஸ்டாக் கொறஞ்சா மொதல்ல ஹிந்திக்கார பசங்க பையதான் தொறப்பாங்க. சூப்பர்வைசர் தொறக்க சொல்றது என்னைத்தான்.